முன்னாள் படைவீரரும் முதிய காவல் நாயும்

(கூட்டுறவு வாரத்தையொட்டி ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரக் கிராமச் சங்க அங்கத்தினர் முன்னிலையில் நிகழ்த்தப்பட்ட பிரசங்கம்)



ஐப்பசியின் பிற்பாதியும் கார்த்திகையின் முற்பாதியும் சேர்ந்த நவம்பர் மாதம் இவ்வட்டாரத்துக் கிராமவாசிக்கு ஓய்வான மாதமன்று. சம்பாப் பயிருக்குக் களையெடுப்பும் மேலுரமும் ஒரே சமயத்தில் வந்து சேரும். யூரியா மூட்டைக்காகச் சங்கத்து வாசலில் வரிசை நிற்கும். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் காலமும் இதுவேயாதலால், ஏரிக் கலங்கலில் தண்ணீர் எவ்வளவு போகிறதென்று இரவில் டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்து வருவாரும் உண்டு. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடியென்பதை இப்பக்கத்துச் சிறு பிள்ளையும் அறியும். 2015ஆம் வருஷத்து மழைக்குப் பிறகு அதை அறியாதவர் எவருமிலர். மழை மிகுந்தால் ஜில்லா கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடுவார். தொழிற்சாலை ஷிப்டுக்கு அவ்வித விடுமுறை கிடையாது. விடியுமுன் ஒரகடம் கூட்டு ரோட்டிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் குடையும் சாப்பாட்டுப் பாத்திரமுமாய்க் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்மக்களைக் காணலாம். அவர்களிற் பலர் இச்சங்கங்களின் அங்கத்தினர் வீட்டுப் பெண்களே.

இம்மாதம் 14ந் தேதி முதல் 20ந் தேதி முடியக் கூட்டுறவு வாரம் கொண்டாடப்படுகிறது. இந்தியாவின் முதல் கிராம ஐக்கிய நாணய சங்கங்களுள் முதலாவதாக எண்ணப்படும் திரூர் சங்கமும், முதல் நகர வங்கியாகிய பெரிய காஞ்சிபுரம் கூட்டுறவு நகர வங்கியும் 1904ஆம் வருஷத்தில் பதிவானவை. ஒன்று இவ்வட்டாரத்துக்கு வடக்கே, மற்றொன்று தென்மேற்கே. ஆகையால் ஐக்கிய இயக்கம் இப்பக்கத்தாருக்கு வெளியூர்ச் சரக்கன்று. வாரத்தின்போது கொடியேற்றுதல், உறுதிமொழி வாசித்தல், மரக்கன்று நடுதல் ஆகியவை வழக்கம்போல் நடைபெறும். நடப்பட்ட கன்றுகளுக்குத் தை மாதத்தில் தண்ணீர் விடுவார் யார் என்ற கேள்வி இருந்தபோதிலும், அவை நல்ல காரியங்களே.

ஆயினும் இதே மாதத்தில் பெரும்பாலும் கவனிக்கப்படாமற் போகும் காரியமொன்று உண்டு. அது கிராமத்திலுள்ள முன்னாள் படைவீரரைப் பற்றியது. அவரைப் பற்றிப் பேசப் புகுந்தால் அவர் வீட்டுத் திண்ணையருகே படுத்திருக்கும் கிழ நாயைப் பற்றியும் பேச வேண்டியதாகும். இதைக் கேட்டுச் சிலர் நகைக்கலாம். நகைப்பதற்கு முன் இப்பிரசங்கத்தின் நடுப்பகுதி வரையில் பொறுத்திருப்பார்களாக.

நவம்பர் மாதம் உலகின் பல தேசங்களிலும் போர்வீரரை நினைவுகூரும் மாதமாக இருந்துவருகிறது. 1918ஆம் வருஷம் நவம்பர் 11ந் தேதி முதல் உலக யுத்தம் ஓய்ந்ததே அதற்குக் காரணம். அந்த யுத்தத்துக்குக் கடல் கடந்து போன இந்தியர் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர். உயிரிழந்தவர் 74,000 பேருக்கு மேல். ‘இக்கிராமத்திலிருந்து இத்தனை பேர் யுத்தத்துக்குப் போயினர், அவர்களுள் இத்தனை பேர் மாண்டனர்’ என்று எண்ணிக்கை மட்டும் பொறித்த கல்வெட்டுகள் பழைய சென்னை ராஜதானியின் பல ஊர்களில் இன்னும் சுவரில் பதிந்திருக்கின்றன. ஆட்களின் பெயர்கள் அவற்றிலில்லை. பூந்தமல்லியிலிருந்து பரங்கிமலைக்குப் போகும் சாலையில் நந்தம்பாக்கத்தில் யுத்தக் கல்லறைத் தோட்டமொன்று உண்டு. தென்னாட்டிலும் கீழ்நாட்டிலும் ஆங்காங்கே சிதறிக் கிடந்த இரண்டாம் உலக யுத்தத்துச் சமாதிகளை ஓரிடத்திற் சேர்த்துப் பேணும் பொருட்டு 1952ஆம் வருஷத்தில் ஏற்படுத்தப்பட்டது அது. அங்கே 850க்கு மேற்பட்ட சமாதிகள் உள்ளன. முதல் யுத்தத்தில் இறந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் நினைவுச் சின்னமும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னைக்கு அவ்வழியே பஸ்ஸில் போவோர் அதன் வாசலைத் தாண்டியே போகின்றனர். இறங்கிப் பார்த்தவர் சிலரே.

சுதந்திர இந்தியாவின் படையிலும் நவம்பருக்கு ஒரு நாள் உண்டு. 1987ஆம் வருஷம் நவம்பர் 25ந் தேதி இலங்கையில் மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் மார்பில் குண்டு பாய்ந்த நிலையிலும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டு வீழ்த்தி உயிர் துறந்தார். அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவர் பயிற்சி பெற்றது பரங்கிமலையிலுள்ள இராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில். வேலூர் ஜில்லாவில் கம்மவான்பேட்டையைப் போலத் தலைமுறை தலைமுறையாய்ப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்களும் உண்டு. இவ்வட்டாரம் அவ்வளவு பெயர் பெற்றதன்று. ஆனாலும் ஊருக்கு இருவர் மூவராவது இங்கும் இருப்பர். அவர்களில் எத்தனையோ பேர் பென்ஷன் பெற்ற பின்னும் உத்தியோகத்தை விடவில்லை. தொழிற்சாலை வாசல்களிலும் கிடங்குகளிலும் காவலராக நிற்கின்றனர். முன்னாள் படைவீரர்க்கு இவ்வித வேலை தேடித் தரும் பொருட்டே தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமாகிய டெக்ஸ்கோவை 1986ஆம் வருஷத்தில் இராஜ்ய சர்க்கார் ஏற்படுத்தினர்.

இவர்களுக்கு மரியாதை செய்வதென்றால் சுதந்திர தினத்தில் மேடையேற்றிச் சால்வை போர்த்துவதே போதுமென்று பல பஞ்சாயத்தார் கருதுகின்றனர். சால்வையைப் பற்றி ஆட்சேபமில்லை. ஆனால் நவம்பர் மாதத்தில் அவருக்கு வேண்டுவது சால்வையன்று, ஆயுள் சான்று. ஓய்வூதியம் பெறுவோர் வருஷத்துக்கொருமுறை தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். பெரும்பாலோர்க்கு அதற்குரிய மாதம் இதுவே. 80 வயது கடந்தவர் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். கொடாவிட்டால் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும். சான்று போய்ச் சேர்ந்த பிறகு பாக்கித் தொகை வந்துவிடும் என்பது உண்மை. அதற்குள் மளிகைக் கடைக்காரர் பொறுத்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

2014ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஜீவன் பிரமாண் என்னும் ஏற்பாடு வந்தது முதல், கைரேகையைக் கருவியில் வைத்து இச்சான்றைக் கொடுக்கலாம். உழைத்துத் தேய்ந்த முதியவர் விரலைக் கருவி பல சமயங்களில் ஏற்பதில்லை. அதற்கும் பரிகாரம் உண்டு. 2021ஆம் வருஷத்திலிருந்து கைபேசியின் காமிராவில் முகத்தைக் காட்டியே சான்றளிக்கலாம்; தபால்காரரை வீட்டுக்கே வரவழைத்தும் சிறு கட்டணத்தில் செய்துகொள்ளலாம். இவ்விஷயத்தைப் படித்த பிள்ளைகள் அறிவர். அறிய வேண்டிய கிழவர்க்கு அவர்கள் சொல்வதில்லை. வீரர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் பெறும் விதவைகளின் நிலை இன்னும் கஷ்டமானது. அவர்களிற் பலருக்கு அலுவலகம் எந்தத் திசையிலுள்ளதென்பதே தெரியாது.

இனி நாயின் விஷயம். தமிழ்நாட்டில் வீரனுக்குக் கல் நடுதல் மிகப் பழைய வழக்கம். ஆனால் நாய்க்கும் கல்லில் இடம் கிடைத்த கதையைப் பலர் கேட்டிருக்கமாட்டார்கள். திருவண்ணாமலை ஜில்லா எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவனுடைய 34ஆவது ஆட்சியாண்டில் நட்ட நடுகல்லொன்று கிடைத்திருக்கிறது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது அது. அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதென்று எழுத்திலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய 1,400 வருஷங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் இன்றைக்கும் தெரிகிறது. சுவரில் பதித்த யுத்தக் கல்வெட்டுகளில் மனிதரின் பெயரே இல்லாததை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு சான்று இவ்விடத்துக்குக் கிட்டியது. மேற்கே அதிக தூரமில்லாத தக்கோலத்தில் 949ஆம் வருஷத்தில் இராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணனுக்கும் சோழருக்கும் பெரும்போர் நடந்தது. சோழ இளவரசன் இராஜாதித்தன் யானைமேல் மாண்டது அப்போரிலேதான். வென்ற பக்கத்தில் நின்ற கங்க மன்னன் பூதுகனுடைய வீரன் மணலேரன் என்பவன், தனக்கு வேண்டும் பரிசு யாதென்று கேட்டபோது, பொன்னும் பூமியும் கேளாமல் அரசனுடைய காளி என்ற வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்நாய் பெருங் காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியும் தானுமாக மடிந்தது. கன்னட நாட்டு ஆதகூரில் அதற்குக் கல் நட்டு, அக்கல்லின் வழிபாட்டுக்கு நிலமும் விட்டனர். அந்தக் கல் இன்று பெங்களூர் மியூசியத்தில் இருக்கிறது. ஒரகடத்துக்கு அடுத்த மணிமங்கலத்தில் பல்லவர் சாளுக்கியரை முறியடித்ததைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோர், தக்கோலத்து நாயையும் இடையிடையே நினைக்கலாம்.

தற்காலத்திலும் இதற்கு உதாரணங்கள் உண்டு. 1993ஆம் வருஷத்துப் பம்பாய்க் குண்டுவெடிப்புகளின்போது வெடிமருந்தை மோப்பம் பிடித்து எண்ணற்ற உயிர்களைக் காத்த ஜஞ்சீர் என்ற போலீஸ் நாய் 2000ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் நோயால் இறந்தபோது முழு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. 2022ஆம் வருஷம் அக்டோபரில் காஷ்மீரத்தில் குண்டடிபட்டு இறந்த ஜூம் என்னும் படை நாய்க்கு இராணுவத்தார் அஞ்சலி செலுத்தினர். ஆனால் வெகு காலம் வரையில் வயது முதிர்ந்து வேலைக்கு உதவாத படை நாய்களைக் கொன்றுவிடுவதே வழக்கமாயிருந்தது. அச்செய்தி 2015ஆம் வருஷ வாக்கில் வெளியாகிப் பலரும் கண்டித்த பிறகே, ஓய்வு பெற்ற நாய்களை மீரத்திலுள்ள மையத்தில் வைத்துப் பராமரிக்கவும், விரும்புவோர்க்கு வளர்க்கக் கொடுக்கவும் ஏற்பாடு உறுதியாயிற்று.

இனிச் சொல்லப்போகும் சம்பவம் இவ்வட்டாரத்தின் ஒரு கிராமத்தைச் சேர்ந்தது. ஊரும் பேரும் அவசியமல்ல.

1971ஆம் வருஷத்து யுத்தத்தின்போது இளம் சிப்பாயாயிருந்து, பின்னர் ஹவில்தாராய் ஓய்வு பெற்ற ஒருவர், பல வருஷங்கள் ஒரு தொழிற்சாலை வாசலில் இரவுக் காவல் பார்த்தார். அங்கே மழையில் நனைந்து வந்த குட்டியொன்றுக்குத் தம் சாப்பாட்டில் பாதியைக் கொடுக்கப் போய், அது அவரோடு ஒட்டிக்கொண்டது. வெறும் நாட்டு நாய். மணி என்று பெயர். காவல் வேலை முடிந்த நாளில் சைக்கிளில் பின்னால் ஒரு கூடை கட்டி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வருஷங்கள் சென்றன. மணிக்குப் பதின்மூன்று வயதாயிற்று. கண்ணில் வெண்மை படர்ந்தது, பின்னங்கால்கள் தள்ளாடின, இருந்த இடத்திலேயே மூத்திரம் போகத் தொடங்கிற்று. நிலம் விற்ற பணத்தில் கட்டிய புது வீட்டின் தரை முழுவதும் வழவழப்பான டைல்ஸ் கல். அதில் எழுந்து நிற்க முயன்று நாய் வழுக்கி விழும். விழுந்த இடத்தை மருமகள் கழுவுவாள்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லுதல் நியாயமன்று. அவள் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்பவள். “மாமா, ஐந்து மணிக்கு எனக்குப் பஸ் வந்துவிடுகிறது. நாலு மணிக்கே எழுந்து சமைப்பேனா, இதைக் கழுவுவேனா?” என்று கேட்டாள். கேள்வி நியாயமானதே. மகன் ஒரு லோடு ஆட்டோக்காரரிடம் பேசி, நாயைச் சுங்கச் சாவடிக்கு அப்பால் நெடுஞ்சாலையோரத்தில் விட்டுவர ஏற்பாடு செய்தான். கிழவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அந்த வண்டியில் எனக்கும் இடம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லப்பா” என்றார். வண்டி வரவில்லை.

மறுநாள் மழையோடு மழையாய் அவர் சங்கத்துக்கு வந்தார். நாயை வேப்பேரிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வண்டி வாடகைக்காகச் சிறு கடன் கிடைக்குமா என்பது அவர் கேள்வி. நாயின் வைத்தியத்துக்குக் கடன் கொடுக்க உபவிதிகளில் இடமில்லை. காரியதரிசி அதைச் சொல்லிவிட்டு, “ஐயா, உங்களுக்குத்தான் பென்ஷன் வருகிறதே?” என்று கேட்டார். “இந்த மாசத்தோடு நின்றுவிடும் போலிருக்கிறது தம்பி. இரண்டு தடவை போய்விட்டேன். மெஷின் என் விரலை ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறது” என்றார் அவர். வீட்டில் எவருக்கும் இதைச் சொல்லவில்லை. மகனிடம் கையேந்த வேண்டிவருமென்ற கூச்சம். அப்போது தேதி நவம்பர் இருபதைத் தாண்டியிருந்தது. சங்கத்துக் குமாஸ்தா தம் கைபேசியில் அவர் முகத்தைக் காட்டச் செய்து, கால்மணி நேரத்துக்குள் சான்றை அனுப்பிவிட்டார். மழை மேகத்தால் வெளிச்சம் போதாமல் முதல்முறை சரிவரவில்லை. வாசலில் நிற்கவைத்து மறுபடி எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவே.

வேப்பேரிக்குப் போகவேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. காரியதரிசி சொன்னபடி 1962 என்ற எண்ணுக்குப் பேசி, கால்நடை வைத்தியர் வந்து பார்த்தார். மூத்திரம் கட்டுக்கடங்காமற் போனது முதுமையால் மட்டுமன்று. மூத்திரப் பையில் தொற்று இருந்தது. மருந்தில் இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்தது. கால் மூட்டுகளின் தேய்வு தீராதது. வலியைக் குறைக்க மட்டும் மருந்து கொடுக்கப்பட்டது. டைல்ஸ் மேல் பழைய சாக்குகளை விரித்தார்கள். காலையில் நாயை வெளியே கொண்டு போகும் வேலையைப் பேரன் ஏற்றான். மருமகள் நாலு மணிக்கு எழுந்தால் சமையல் மட்டுமே. கண்பார்வை திரும்பவில்லை. அடுத்த சித்திரையில் மணி இறந்தது; வரப்போரத்தில் புதைத்தார்கள்.

இதிலிருந்து கவனிக்கத்தக்கது யாதெனில், ‘வயசாகிவிட்டது’ என்று ஒதுக்கிவிடும் பல தொல்லைகள் வைத்தியத்துக்குட்பட்ட நோய்களாகவே இருக்கின்றன. நாட்டு நாய்க்கு எட்டு வயதுக்கு மேல் முதுமை தொடங்குகிறது. அப்பருவத்தில் அதற்கு வேண்டுவன அதிகச் செலவுள்ளவையல்ல. ஈரத் தரையில் படுக்கவிடலாகாது. தரைக்கு நாலு விரற்கடை மேலே பலகையிட்டு உலர்ந்த சாக்கை விரித்தால் போதும். சாக்கைத் தினமும் மாற்ற வேண்டும், ஏனெனில் நனைந்த சாக்கு வெறுந்தரையைவிடக் கெடுதல். பல் விழுந்த நாய்க்குச் சோற்றைக் குழைத்துக் கொடுக்கலாம்; வெங்காயம் சேர்ந்த குழம்பும், வெந்த எலும்பும் ஆகா. குடிதண்ணீர் எப்போதும் எட்டும் இடத்திலிருக்கவேண்டும். வழக்கத்தைவிட மிகுதியாகக் குடிக்கிறதென்றால் அது சிறுநீரகக் கோளாறாகவோ நீரிழிவாகவோ இருக்கக்கூடும். நடை குறைந்த நாயின் நகம் தேயாமல் வளைந்து சதையில் குத்தும். மாதமொருமுறை பார்த்து வெட்டவேண்டும். மழைக்காலத்தில் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது அவசியம். உண்ணிக் காய்ச்சல் கிழ நாயை விரைவில் கொல்லும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். மனிதருக்குக் கொடுக்கும் காய்ச்சல் மாத்திரையையும் வலி மாத்திரையையும் நாய்க்குக் கொடுக்கலாகாது. பாரசிட்டமால் முதலியவை அதன் ஈரலையும் இரத்தத்தையும் கெடுத்துவிடும். இரக்கத்தால் செய்த காரியம் கொலையாய் முடிந்த வீடுகள் உண்டு. தீபாவளி வெடிக்கு அஞ்சி ஓடிப்போகும் கிழ நாய் பார்வைக் குறைவால் திரும்ப வழி தெரியாமல் லாரிச் சாலையில் அடிபடுவதும் வருஷந்தோறும் காணும் காட்சி. அன்றிரவு அதை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினால் போதும்.

தெருவில் விடப்படும் நாயால் அதற்கு மட்டுமா தீங்கு? தேங்கிய வெள்ளத்தில் அலையும் நாய்க்கு எலிக்காய்ச்சல் பற்றி, அதன் மூத்திரத்தின் வழியே மனிதருக்கும் வரக்கூடும். வெறிநாய்க்கடியின் பயங்கரம் சொல்ல வேண்டாத விஷயம். குன்னூரில் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையம் 1907ஆம் வருஷத்திலேயே ஏற்பட்டது. இருந்தும் இந்நாட்டில் அந்நோயால் மனிதர் இன்னும் சாகின்றனர். நோய் வெளிப்பட்ட பிறகு பிழைத்தவர் மிக அரிது. கடிபட்ட உடனே தடுப்பூசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பலாகாது. எல்லா ஊசிகளையும் வைத்தியர் குறித்த நாட்களில் தவறாது போட்டுக்கொள்ளவேண்டும். இரண்டாவது ஊசியோடு நிறுத்திவிடுவோர் ஏராளம். வீட்டு நாய்க்கு, அது எவ்வளவு கிழமானாலும், வருஷாந்தரத் தடுப்பூசி போடுதல் கடமை.

சங்கங்கள் செய்யத்தக்கது இவ்வளவே. ஒவ்வொரு கிராமத்திலும் முன்னாள் படைவீரர், அவர்தம் விதவைகள் ஆகியோரின் பட்டியலொன்றைக் காரியதரிசி தயார் செய்து, அக்டோபர் மாதத்திலேயே வீடு வீடாக ஆளனுப்பி ஆயுள் சான்று கொடுத்தாயிற்றா என்று விசாரிக்கவேண்டும். பொதுச் சேவை மையம் நடத்தும் சங்கங்களுக்கு இதற்கான கருவி ஏற்கனவே இருக்கிறது. சந்தேகங்களை ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். டிசம்பர் 7ந் தேதி கொடிநாள். 1949ஆம் வருஷம் முதல் அனுசரிக்கப்பட்டுவருவது. அன்று உண்டியல் குலுக்குமுன் அந்தப் பட்டியல் முடிந்திருக்குமாயின் நலம். பட்டியலில் எண்ணிக்கை போதாது, பெயரும் வேண்டும்.

கால்நடை முகாம் கோரி மருந்தகத்துக்கு எழுதும் விண்ணப்பத்தில் பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தொகையோடு நிறுத்தாமல், ஊரிலுள்ள நாய்களின் தொகையையும், அவற்றில் எட்டு வயது கடந்தவை எத்தனையென்பதையும் சேர்த்தெழுதுவது நலம். முகாமை ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொண்டால் ஷிப்டுக்குப் போகும் வீட்டாரும் நாயைப் பிடித்து வர இயலும்.